பாட்டிலில் ஊற்ற மாட்டாள்

மரியாதையாக ‘அவர்’ என்றுதான் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், நேரில் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டேன். ஆனாலும் அவளை நினைத்தாலே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தியை ‘அவர்’ என்று எழுத முடியாது. அதனால் அவள்.

கெலமங்கலத்திலிருந்து ஓசூர் போகிற சாலையில், ஒரு மேடு ஏறி முடிகிற இடத்தில் அந்தப் பெட்ரோல் பங்க் இருக்கிறது. இருசக்கர வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிற இடத்தில் அவள் நிற்பாள். விடியற்காலைப் பனிக்குத் தலையைச் சுற்றி ஒரு மப்ளர், சேலைக்கு மேல் பங்க்கில் கொடுத்த முழுக்கைச் சட்டை, எதற்கும் அசையாத ஒரு முகம். வண்டி வந்து நின்றதும் வாயைத் திறப்பாள். “எறங்குங்க.” வருகிறவர் கன்னடக்காரர் என்றால் “இளீரி.” தெலுங்குக்காரர் என்றால் “திகண்டி.” கம்பெனி வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் என்றால் “உதரோ பையா.” நாலு பாஷை தெரிந்தவள் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் கேட்டவரை நாலிலும் அவள் அதிகம் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு ‘எறங்குக்கா’ என்றே பெயர்.

இறங்கினால் மட்டும் போதாது. வரிசையில் நிற்கும்போதே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். முன்னால் நகர வேண்டுமென்றால் தள்ளிக்கொண்டுதான் நகர வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவரும் இறங்க வேண்டும். குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டு, சக்கரத்துக்குக் காற்றடிக்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும். போன் பைக்குள் போக வேண்டும். டேங்க் மூடியை சீட்டின் மேல் வைக்கக் கூடாது, கையில் பிடித்திருக்க வேண்டும். “ஜீரோ பாத்துக்கோங்க” என்பாள். பார்த்தேன் என்று வாயைத் திறந்து சொல்கிறவரை ஊற்ற மாட்டாள். கழுத்துவரை நிரப்ப மாட்டாள். இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும் என்று வண்டியை ஆட்டுகிறவர்களைக் கண்டால் குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள். போட்டு முடித்த பிறகும் விடுதலை கிடையாது. பத்தடி தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். போனில் பணம் கட்டுகிற அட்டையைக்கூட மேனேஜரிடம் சண்டை போட்டு பம்ப்பிலிருந்து கழற்றி, காற்றடிக்கிற இடத்துக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

எல்லாம் நல்லதுக்குத்தானே என்று இதைப் படிக்கிறவர்கள் சொல்வீர்கள். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவராக இருந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

நான் அப்போது ஓசூரில் மின்சாரச் சாமான்களுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் வீட்டுக்காரர் பக்கத்துக் கம்பெனியில் ஃபிட்டர். இருவரும் ஒரே வண்டியில் போவோம். என் மடியில் இரண்டு சாப்பாட்டுப் பை, தோளில் ஒரு பை, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி ஒரு முடிச்சு. இதோடு ஏறி உட்காருவதே ஒரு வித்தை. இதில் அவளுக்காக இறங்கி, மறுபடி ஏற வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் வேறு நூறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போட்டால் தெய்வக்குற்றம் என்று நினைக்கிற ஜாதி. ரிசர்வ் விழுந்த பிறகும் வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, அடியில் கிடப்பதை இழுத்து ஓட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை. ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் முன்னால் போய் நிற்போம். வேறு பங்க்குக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்காதீர்கள். அடுத்த பங்க் ஓசூர் போய்த்தான். அதுவரை எங்கள் வண்டி இருமாமல் போனதில்லை.

என்னுடைய கதை இதுதான்: கம்பெனி கேட்டில் ஆறு மணிக்குள் மெஷினில் விரல் வைக்க வேண்டும். ஆறு மாதத்தில் மூன்று தாமதம் விழுந்தால், நிரந்தரம் ஆக்கப்போகிறவர்களின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மூன்று வருஷம் ஒப்பந்தத்திலேயே நின்று, அந்தப் பட்டியலில் என் பெயர் வந்திருந்தது. அதற்குள் இரண்டு தாமதம் விழுந்துவிட்டது. இரண்டும் அந்தப் புண்ணியவதியின் உபயம்.

முதலாவது ஒரு கல்யாணம். அதிகாலை முகூர்த்தம் முடிந்த கையோடு புதுமாப்பிள்ளையும் பெண்ணும் மாலையும் கழுத்துமாக, கோயிலுக்குப் போகிற வழியில் பெட்ரோல் போட வந்தார்கள். கூடவே இன்னொரு வண்டியில் மாப்பிள்ளையின் அம்மா. இவள் பெண்ணைப் பார்த்து “எறங்கும்மா” என்றாள்.

மாமியார்க்காரி கத்தினாள். “தாலி ஏறி அரை மணி நேரம் ஆவல, பொண்ணை நடுவழியில எறக்கறியே! சகுனம் என்னாவறது?”

“தாலி நெலச்சு நிக்கணும்னுதாம்மா எறங்கச் சொல்றேன்.”

அவ்வளவுதான், இரண்டு வண்டிக் கல்யாணமும் சண்டையாகிவிட்டது. கடைசியில் அந்தப் பெண்ணே மாலையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்க் காற்றடிக்கிற இடத்தில் நின்றாள். பாவம், பட்டுப்புடவை முழுக்க மண். வரிசையில் பின்னால் பத்துப் பதினைந்து வண்டி. அன்றைக்கு நான் விரல் வைத்தது ஆறு மணி நாலு நிமிஷத்துக்கு.

இரண்டாவது ஒரு யானை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் கேனோடு வந்திருந்தார். அவருடைய ராகிக் காட்டில் யானை இறங்கிவிட்டதாம். கம்பில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்த நாலு லிட்டர் வேண்டுமாம்.

“கேன்ல ஊத்த மாட்டேங்க.”

“யானை எல்லாத்தையும் தின்னுட்டுப் போனா நீ வந்து எங்களுக்குக் களி கிண்டிப் போடுவியா?”

“ஃபாரஸ்ட்காரங்களுக்கு போன் பண்ணுங்க. பெட்ரோல்ல பந்தம் கொளுத்தினா யானை போவறதுக்கு முன்னாடி நீங்க போயிடுவீங்க.”

அவர் பம்ப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் வந்து கெஞ்சி எழுப்புவதற்குள் என் நேரம் போய்விட்டது. ஆறு மணி ஏழு நிமிஷம்.

மூன்றாவதுதான் என் தலையில் விழுந்தது. பட்டியலை முடிவு செய்ய இன்னும் ஐந்து நாள் இருந்தது. மேட்டுக்குக் கீழேயே வண்டி நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் சாய்த்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், டேங்க்குக்குள் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். ம்ஹூம். “ராத்திரியே போட்டிருக்கலாம்ல?” என்று கேட்டதற்கு, “ஓசூர் வரைக்கும் வரும்னு நெனச்சேன்” என்றார். நான் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மேட்டில் ஓடினேன். அரைக் கிலோமீட்டர் இருக்கும். போய் நின்றபோது பேச மூச்சில்லை.

“அக்கா, வண்டி கீழ நின்னுடுச்சு. அரை லிட்டர் ஊத்துங்கக்கா.”

“பாட்டில்ல ஊத்த மாட்டேங்க. வண்டியத் தள்ளிட்டு வாங்க.”

“இன்னிக்கு லேட்டானா என் வேலை போயிடும்க்கா. பர்மனென்ட் லிஸ்ட்ல பேரு இருக்குது. ஏற்கெனவே ரெண்டு லேட்டு. கையெடுத்துக் கும்புடறேன்.”

கும்பிட்டேன். பாட்டிலோடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். வரிசையில் நின்ற நாலு பேர் “ஊத்தித்தான் குடேம்மா” என்றார்கள். அவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

“தள்ளிட்டு வாங்க. வரிசையில நிக்க வேணாம், மொதல்ல உங்களுக்கே போடறேன்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஒருத்தி வவுத்துல அடிக்கறியே, நல்லா இருப்பியா நீ?” என்று கேட்டேன். அதோடு நிறுத்தவில்லை. மிச்சத்தை எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது, “நேரம் ஆவுது. வண்டியக் கொண்டாங்க.”

திரும்பி ஓடி, இருவருமாக அந்த மேட்டில் வண்டியைத் தள்ளினோம். சொன்னபடி முதலில் எங்களுக்குத்தான் போட்டாள், ஜீரோ பார்த்தேன் என்று என்னைச் சொல்ல வைத்துவிட்டுத்தான். கேட்டில் விரல் வைத்தபோது ஆறு மணி ஒன்பது நிமிஷம். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். “நான் என்னம்மா பண்றது, சிஸ்டம் எடுத்துக்காது” என்றார். பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தமும் முடிந்தது. மறுபடி கூப்பிடவில்லை.

நாலு மாதம் வீட்டில் இருந்தேன். எங்கே போய்க் கேட்டாலும் வயது முப்பத்தைந்து என்றதும் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போதுதான் அந்தப் பங்க்கில் பெண்கள் வேலைக்குத் தேவை என்று பலகை வைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். அவரைச் சிரிக்க விட்டுவிட்டுப் போனேன். மானம் பார்த்தால் அடுப்பு எரியுமா?

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பாட்டிலோட வந்தவங்கதான?” என்றாள். அடுத்து ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னாள். “இந்தச் சேலை ஆவாது. நைலக்ஸ்ல பொறி வரும். வீட்டுக்குப் போயி காட்டன் கட்டிட்டு வா.” முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அவள் பக்கத்துப் பம்ப்பில் நின்றேன். ஊரில் அவளைப் பற்றி மூன்று கதை உண்டு. புருஷன் பெட்ரோல் பிடித்து எரிந்து செத்தான் என்பது ஒன்று. அந்தப் புருஷன் தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், குண்டுக்கல்லாக இருந்தார். தம்பி எரிந்தான் என்பது இரண்டாவது. அவளுக்குத் தம்பியே கிடையாது. கையில் தீக்காயம், அதை மறைக்கத்தான் முழுக்கைச் சட்டை என்பது மூன்றாவது. அவள் கை கழுவும்போது பார்த்தேன். ஒரு கொசுக்கடித் தழும்புகூட இல்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். “உனக்கு என்னதான்க்கா நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கலையே.”

“பின்ன ஏன் இப்படி எல்லார் உசிரையும் வாங்கற?”

“நடந்தாத்தான் சொல்லணுமா? பதினோரு வருசமா இந்தப் பங்க்குல ஒண்ணும் நடக்கல. அது சும்மாவா நடக்காம இருக்குது?”

 ஒரு சோகக் கதை இருந்திருந்தால் நானும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு மன்னித்துத் தொலைத்திருப்பேன். அதற்குக்கூட வழி வைக்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் லீவில் இருக்கும் நாட்களில் நான் யாரையும் இறக்கவில்லை. உட்கார்ந்தபடியே போட்டு அனுப்பினேன். எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். ஆனால் பாட்டிலில் மட்டும் ஊற்றவில்லை. பாட்டிலோடு யாராவது வந்தால் எனக்கு வயிறு பற்றி எரியும். எனக்கு ஊற்றாதது இவனுக்கு மட்டும் எதற்கு?

அவளிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. பெட்ரோல் பங்க்கிலேயே வேலை செய்கிறவளின் வண்டியில் எப்போதும் அரை லிட்டருக்கு மேல் இருக்காது. கேட்டால், “நெறைஞ்ச டேங்க்கை வாசல்ல நிறுத்திட்டு எப்படித் தூங்கறது? பக்கத்துலயே சமையல்கட்டு” என்பாள். எங்கள் வீட்டுக்காரர் கஞ்சத்தனத்தால் செய்ததை இவள் பயத்தால் செய்தாள். வண்டி வழியில் நிற்பதென்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

நின்றது. போன வருஷம் ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர் வேலைக்கு அவளுக்கு நேர்காணல் வந்திருந்தது. கிருஷ்ணகிரியில் பத்து மணிக்கு இருக்க வேண்டும். அதற்கு ஓசூர் போய் பஸ் பிடிக்க வேண்டும். கவர்மென்ட் வேலை, வயது வரம்பு வேறு முடியப்போகிறது, இதை விட்டால் இல்லை என்று ஒரு வாரமாக எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு லீவு. காலை ஏழேகாலுக்கு, மேட்டில் யாரோ ஓடி வருவது தெரிந்தது. கஞ்சி போட்ட சேலை, அக்குளில் சான்றிதழ் ஃபைல், கையில் தண்ணீர் பாட்டில்.

என் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. பாட்டிலை நீட்டினாள். 

மேனேஜர் ஆபீஸிலிருந்து எட்டிப் பார்த்தார். “அட, ஊத்திக் குடும்மா. நம்ம ஆளுதான?”

குழாய் என் கையில்தான் இருந்தது. இந்த நாளுக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். மனசுக்குள் எத்தனையோ வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். ஊற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்லவில்லை. கை அரை அடி நீண்டும்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கு நான் ஊற்றிவிட்டால், அன்றைக்கு எனக்கும் ஊற்றியிருக்கலாம் என்று ஆகிவிடும். மூன்று வருஷம் நின்று கைக்கு எட்டிய என் வேலை ஒன்றுமில்லாத ஒரு வீம்புக்குப் போனது என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

“பாட்டில்ல ஊத்த மாட்டேன்க்கா. வண்டியத் தள்ளிட்டு வா.”

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பெருமைப்பட்டாள் என்றெல்லாம் நினைக்காதீர்கள். “நீயெல்லாம் ஒரு பொம்பளையாடி? என் வவுத்துல அடிக்கறியே!” என்று கத்தினாள். நான் அன்றைக்குக் கத்தியதற்கு ஒரு எழுத்து குறையவில்லை. பாட்டிலை வீசி எறிந்துவிட்டு மேட்டில் திரும்பி ஓடினாள்.

எனக்குக் கால் நிற்கவில்லை. குழாயைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்டால், எரிச்சலில்தான் ஓடினேன். அவள் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து தள்ளினேன். அந்த அரைக் கிலோமீட்டரில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். “ஓரமாத் தள்ளு. பின்னால லாரி வருது.”

பங்க்குக்கு வந்து சேர்ந்தோம். ஃபைலை ஓரமாக வைத்தாள். போனைப் பைக்குள் போட்டாள். மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அவசரத்தில் நான் குழாயை உள்ளே விட்டேன்.

“ஜீரோ சொல்லலையே நீ.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குழாயாலேயே ஒரு போடு போட்டிருப்பேன். “ஜீரோ பாத்துக்கோங்க” என்றேன். பார்த்தேன் என்று தலையை ஆட்டினாள். “வாயத் தொறந்து சொல்லுக்கா” என்றேன். “பாத்தேன்” என்றாள். முதல்முறையாக அவள் வண்டியில் இரண்டு லிட்டர் போட்டேன். பத்தடி தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினாள்.

ஓசூரில் பஸ்ஸுக்கும் காத்திருந்து கிருஷ்ணகிரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். நேர்காணல் அதிகாரி வந்ததே பதினொன்றரைக்காம். வேலை கிடைத்துவிட்டது. எனக்கு ஒன்பது நிமிஷம் பொறுக்காத உலகம் அவளுக்கு முக்கால் மணி நேரம் பொறுத்துக்கொண்டது. கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். வயிறு எரிந்தது. சந்தோஷம் அடுத்த நாள்தான் வந்தது, அதுவும் கொஞ்சம்தான்.

வேலையை விட்டு நின்ற பிறகு ஒரு சனிக்கிழமை மைசூர்பாகு பெட்டியோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். பெட்டியைத் திறக்கவில்லை. மேட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அன்னிக்கு நீ வண்டியத் தள்ளிட்டு வந்தப்ப நான் ஓடியாந்து பின்னால கை குடுத்திருக்கணும். ரெண்டு மூணு நிமிசம் மிச்சமாயிருக்கும். அது என் தப்புதான்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஊத்தாதது தப்பில்ல.”

இத்தனை நாள் எதிர்பார்த்திருந்த வார்த்தை. அதிலும் பாதியைத்தான் கொடுத்தாள். கண் கலங்கிவிட்டது. அதை அவள் பார்க்கக் கூடாதென்று, பேச்சை மாற்றப் பெட்டியைத் திறந்து ஒரு துண்டு எடுக்கப் போனேன். வெடுக்கென்று பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

“பெட்ரோல் கையோடவா திம்ப? போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா.”

போனேன். வேறென்ன செய்வது?